வெளியாள் யாரும் வரவில்லை

சகலரும் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இது.

ஆதிமனிதன் குகையை விட்டு வெளியே வந்தான். வீடு கட்டினான். வீட்டுக்குக் கதவு வைத்தான். கதவுக்குப் பூட்டு போட்டான். அத்தோடு நாகரிகம் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. பல்லாயிரம் வருஷம் கழித்து அதைக் கைதூக்கி எழுப்பும் பொறுப்பு ஒரு குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுந்தது.

தெருவுக்கே கதவு!

முன்பக்கம் ஒரு கேட். பின்பக்கம் ஒரு கேட். கறுப்பு இரும்பு. உச்சியில் ஈட்டி முனைகள், தங்க பெயிண்ட். முன்பெல்லாம் எவன் வேண்டுமானாலும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த தெரு, இனி கோட்டை.

இன்று மாலை அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டப் போகிறார்.

இன்று காலை...

டெலிபோன் அடித்தது.

சங்கத்தின் செகரெட்டரி பாதி ஷேவிங்கில் இருந்தார். ஒரு கன்னம் மழமழ. மறு கன்னம் நுரை. அந்த நிலையிலேயே ஓடிவந்து எடுத்தார்.

"சார், முன் கேட்டுல இருந்து செக்யூரிட்டி பேசறேன்."

"சொல்லுப்பா."

"பல் டாக்டரோட நர்ஸ் வந்து நிக்கிறாங்க. உள்ளே விடலாமான்னு கேட்க டாக்டருக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்க மாட்டேங்கறார்."

"அது தினமும் வர்ற பொண்ணுதானே?"

"ஆமா சார். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருந்து வர்றாங்களாம்."

"அப்புறம் என்ன?"

"வீட்டுக்காரர் சொல்லாம ஈ, எறும்பைக்கூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கீங்க?"

செகரெட்டரிக்குப் பெருமையாகவும் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. தானே போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, நுரையோடு தெருவில் இறங்கினார்.

பல் டாக்டர் வீடு நாலு வீடு தள்ளி. முன்னறையில் கிளினிக். தனிக்கட்டை. தெருவுக்கு கேட் வைக்கக்கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சண்டை போட்ட ஒரே மனிதர் அவர்தான். அவருடைய நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் பின் தெருக்காரர்கள். கேட் வந்த பிறகு அவர்கள் பல்வலியோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பாதி வழியிலேயே வலி தேவலை என்று திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பது டாக்டரின் புகார்.

கிளினிக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார். திறந்தது.

நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் பல் டாக்டர் தரையில் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொன்னவர், இப்போது தன் வாயை அகலத் திறந்து வைத்திருந்தார்.

வீ...ல் என்று ஓர் அலறல் தெருவையே உலுக்கியது.

யாரோ பெண்பிள்ளை அலறுகிறாள் என்று நினைத்தார் செகரெட்டரி. ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது அவர் தொண்டை.

அலறல் முடிந்த பிறகு இன்னொன்றையும் பார்த்தார். பிணத்தின் காலடியில் ஒரு பித்தளை மணி. கைப்பிடி வைத்தது. விளிம்பில் ரத்தம்.

சங்கத்தின் மணி அது! கூட்டங்களில் யாராவது அதிகமாகப் பேசினால் ஆட்டி அடக்குவதற்காக வாங்கியது.

அதை ஆட்டுகிற உரிமையும், பத்திரமாக வைத்திருக்கிற பொறுப்பும் ஒரே ஒருவருக்குத்தான்.

செகரெட்டரிக்கு.

*

போலீஸ் ஜீப் வந்து முன் கேட்டில் நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. நாற்பது வயசுக்கு மேல். எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்கிற மாதிரி ஒரு முகம்.

செக்யூரிட்டிக்காரர் விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"பல் டாக்டரை."

"அவர் போன் எடுக்கல மேடம்."

"செத்துப்போயிட்டார். அதனாலதான் எடுக்கல."

"அப்ப உங்களை உள்ளே விடச் சொல்லி யார் மேடம் சொல்லுவாங்க?"

பக்கத்தில் நர்ஸ் ஒரு கல் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

தலைவர் வந்து சேர்ந்த பிறகுதான் சட்டம் உள்ளே நுழைய முடிந்தது.

தலைவர் என்றால் சங்கத் தலைவர். ரிட்டயர்ட் இன்ஜினீயர். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த தொப்பை, எந்த நேரத்திலும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. போன வருஷம் அவர் வாசலில் ஒரு ஜோடி செருப்பு களவு போனது. அந்தச் செருப்பின் நினைவாக எழுந்தவைதான் இரண்டு கேட்டுகளும். செகரெட்டரியின் மனைவிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். செகரெட்டரி செகரெட்டரியானதற்கு வேறு தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

"கவனிச்சீங்களா மேடம்?" என்றார் தலைவர், இன்ஸ்பெக்டரோடு நடந்தபடி. "போலீஸா இருந்தாலும் நிறுத்திட்டான். அதுதான் நம்ம கேட்."

"உள்ளே ஒரு கொலை நடந்திருக்கு சார்."

"உள்ளே. அதையும் கவனிச்சுக்குங்க. வெளியாள் யாரும் வரல."

செகரெட்டரி பின்னாலேயே போனார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. கொலை நடந்த இடத்தில் அதையெல்லாம் சொல்வது நாகரிகமாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

*

விசாரணை கிளினிக்கின் வெயிட்டிங் ரூமில் நடந்தது. சுவரில் ஈறுகளின் படம். ஒரு பக்கம் ஆரோக்கியமான ஈறு, மறுபக்கம் அழுகிய ஈறு. அழுகிய ஈறுக்கு நேர் கீழே செகரெட்டரி உட்காரவைக்கப்பட்டார்.

நேற்று சாயங்காலம் தெருவிளக்கு போடுகிற நேரத்தில் சாவு நடந்திருக்கிறது என்று போலீஸ் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செக்யூரிட்டிக்காரர் வாக்குமூலம் கொடுத்தார். நேற்று மதியம் நர்ஸ் வீட்டுக்குப் போன பிறகு முன் கேட் வழியாக யாரும் உள்ளே வரவில்லை. யாரும் வெளியே போகவுமில்லை. பின் கேட்டைத் திறக்கவே கூடாது என்று சங்கத்தில் தீர்மானம். இதுவரை யாரும் திறக்கவில்லை.

"அப்ப கொலைகாரர் இந்தத் தெருவுல இருக்கிறவர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கண்டிப்பா" என்றார் தலைவர். அவர் முகத்தில் ஒரு தகப்பனின் பூரிப்பு.

மச்சான் கேட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் தன் கழுத்துக்கு ஒரு முடிச்சு என்பது செகரெட்டரிக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

போன கூட்டத்தில் டாக்டர் முகத்துக்கு நேராக மணியை ஆட்டி, 'உம்மை ஒருநாள் ஒரேயடியா அடக்கறேன் பாரும்' என்று சொன்னது உண்மையா என்று கேட்டார். உண்மைதான். தெருவே கேட்டது. தலைவர் கண்ணைக் காட்டினார் என்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் கண் காட்டியது யார் காதிலும் விழுந்திருக்காதே.

"மணி உங்க பொறுப்புலதானே இருந்தது?"

"கூட்டம் முடிஞ்சதும் எடுத்துக்க மறந்துட்டேன் மேடம். மச்சான் வீட்டு கார் ஷெட்டுலதான் கூட்டம். அங்கேயே விட்டுட்டேன்னு நினைக்கிறேன்."

"ஷெட்டுல இல்ல" என்றார் தலைவர். "நான் பார்த்தேன்."

"சரி. நேத்து சாயங்காலம் எங்கே இருந்தீங்க?"

"வீட்ல."

வாசலில் நின்றிருந்த செகரெட்டரியின் மனைவி வெள்ளை மனசோடு உதவிக்கு வந்தாள். "என்னங்க, நீங்க எங்கே வீட்ல இருந்தீங்க? நான் டீ போட்டுட்டுத் தேடினேனே."

"கேட்டை மேற்பார்வை பார்க்கப் போயிருந்தேன்" என்றார் செகரெட்டரி.

"வரலையே சார்" என்றார் செக்யூரிட்டிக்காரர். சத்தியவான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அமைச்சர் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். மத்தியானம் தெருக்காரர்கள் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, கடைசியாக ஒரு தடவை விசாரிப்பார். அப்புறம் கைது.

"யாரை மேடம்?" என்றார் செகரெட்டரி.

"உங்களைத்தான். அதுவரைக்கும் தெருவை விட்டு வெளியே போகாதீங்க."

"போக முடியாது மேடம்" என்றார் தலைவர். "கேட் இருக்கு."

*

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைச் சாத்தினாள். ஈரத் துண்டை எடுத்து அவர் கன்னத்து நுரையை அழுத்தித் துடைத்தாள். தோலும் கொஞ்சம் வந்தது.

"இப்ப சொல்லுங்க. எங்கே போனீங்க?"

அவர் அவளைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் டிரம்மை நகர்த்தினார். மதிலில் ஒரு ஓட்டை. ஐந்தாறு செங்கல் பெயர்த்து, ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு. அந்தப் பக்கம் பின் தெரு தெரிந்தது. ஒரு மெக்கானிக் ஷெட். ஷெட்டுக்குள் ஒரு கேரம் போர்டு.

தினமும் சாயங்காலம் மெக்கானிக்கோடும், வெல்டரோடும், பஸ் டிரைவரோடும் கேரம் ஆடுவது அவருக்கு நெடுநாள் பழக்கம். யார் உள்ளே வரக்கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்டாரோ, அதே ஆட்கள். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே மதிலைப் பெயர்த்துவிட்டார்.

"நேத்து அங்கே இருந்ததுக்கு சாட்சி இருக்கா?"

"மூணு பேர். சிவப்புக் காயை நான்தான் போட்டேன். மூணு பேரும் இன்னும் வயிற்றெரிச்சல்ல இருக்காங்க."

"அடப்பாவி மனுஷா. இதைச் சொல்லிட்டா வெளியே வந்துடலாமே."

"உங்க அண்ணன்..."

"தூக்குக்கயிறு, எங்க அண்ணன். ரெண்டுல எதுக்கு உங்களுக்குப் பயம் அதிகம்?"

அவர் யோசித்தார். பதில் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து அவளுக்கே பரிதாபமாக இருந்தது.

வாங்க என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

தலைவர் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை விஷயத்தைச் சொன்னாள். ஓட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும், கன்னத்தில் அறைந்தமாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீயுமா மாப்பிள்ளை?"

"மன்னிச்சுக்குங்க மச்சான். நீங்க சரின்னு சொன்னா, அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"என்ன வார்த்தை? கேட்டுல ஓட்டைன்னா? செகரெட்டரியே மதிலைத் தோண்டினான்னா? அமைச்சர் இன்னைக்கு வர்றார். இதே மாதிரி ஊர் முழுக்க கேட் போடலாமான்னு பார்க்கத்தான் வர்றார்."

"அண்ணா, இவரைக் கொலைகாரன்னு பிடிச்சுக்கிட்டுப் போறாங்க."

"ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு பாப்பா. விழா முடியட்டும். அப்புறம் ஓட்டையைப் பத்தி நிதானமாப் பேசலாம்."

"அதுவரைக்கும் நான் ஜெயில்ல இருக்கணுமா மச்சான்?"

"இருந்தா என்ன? அங்கேயும் நல்ல கேட்டுதான் போட்டிருப்பாங்க."

நாற்பத்தஞ்சு வயசுப் பாப்பா அண்ணனை முறைத்தாள். தெருவில் யாரோ வெளியாள் வந்து செய்திருக்கலாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லக்கூடாதா என்று கேட்டாள்.

"வரல" என்றார் தலைவர். "வெளியாள் யாரும் வரல. அது எனக்குத் தெரியும்."

திரும்பவும் கண்ணாடியைப் பார்த்து, 'மாண்புமிகு' என்று ஆரம்பித்தார்.

*

மத்தியானம். தலைவர் வீட்டு கார் ஷெட். மடக்கு நாற்காலிகள். தெருக்காரர்கள் எல்லோரும் விழாவுக்கு உடுத்திய உடுப்போடு கொலை விசாரணைக்கு வந்திருந்தார்கள். வெளியே முன் கேட்டில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு.

ஒரு கான்ஸ்டபிள் விலங்கோடு செகரெட்டரிக்குப் பின்னால் வந்து நின்றார். விலங்கு கிணுகிணுத்தது.

கடைசியாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குரலில் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை.

செகரெட்டரி மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணைக் காட்டினார். வழக்கமான கண். அந்தக் கண்ணுக்குப் பயந்து அவர் இத்தனை காலம் மணி ஆட்டியிருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார், பிடிக்காத நிறத்தில் வீட்டுக்குப் பெயிண்ட்கூட அடித்திருக்கிறார்.

பின்னாலிருந்து மனைவி அவர் முதுகில் விரலால் குத்தினாள். நகத்தோடு.

"எங்க வீட்டு மதில்ல ஓட்டை இருக்கு" என்றார் செகரெட்டரி. சத்தம் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "நேத்து சாயங்காலம் அந்த ஓட்டை வழியா வெளியே போய்க் கேரம் ஆடிக்கிட்டிருந்தேன். தினமும் போறேன். நாளைக்கும் போவேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளைப் பின் தெருவுக்கு அனுப்பினார். அவர் முன் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல், செகரெட்டரியின் ஓட்டை வழியாகவே போய்விட்டு வந்தார். மூன்று சாட்சிகளும் ஒத்துக்கொண்டதாகவும், சிவப்புக் காய் விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு இன்னும் கருத்து வேறுபாடு இருப்பதாகவும் சொன்னார்.

"இந்த ஒரு ஓட்டைதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"நான் ஓட்டை வழியா போனதில்ல" என்றாள் செகரெட்டரியின் மனைவி. "ஏணி வழியாத்தான்."

செகரெட்டரி திடுக்கிட்டுத் திரும்பினார். "எந்த ஏணி?"

"யோகா டீச்சர் வீட்டு ஏணி. பின் தெருவுல என் தையல்காரி இருக்கா. நீங்க கேரம் ஆடற நேரத்துலதான் நானும் போவேன். டீ போட்டு வெச்சுட்டு."

யோகா டீச்சர் எழுந்து நின்று, அந்த ஏணி தன் மாணவர்களுக்காகப் போட்டது என்றும், ஏறி இறங்குவதும் பயிற்சியில் சேர்த்திதான் என்றும் விளக்கினார். மாணவர்கள் எல்லோரும் பின் தெரு.

அதற்கப்புறம் அணை உடைந்தமாதிரி ஆயிற்று.

ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் தன் வீட்டுப் பின்மதிலில் கதவே வைத்திருந்தார். முறைப்படி கொத்தனார் வைத்து, நிலை வைத்து, காலிங் பெல் மாட்டியிருந்தார். எதிர் வீட்டு வக்கீல், கட்சிக்காரர்கள் வந்துபோக மாடியிலிருந்து அடுத்த தெரு மாடிக்குப் பலகை போட்டிருந்தார். பலகைக்குக் கைப்பிடி உண்டு என்பதைக் குறிப்பிட அவர் மறக்கவில்லை. மூலை வீட்டுக் கிழவர் ஒருவர் தன்னிடம் எதுவும் இல்லை என்றும், அதனால் ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவையே உபயோகித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

தலைவர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. கேட் வைக்கச் சொல்லிக் கையைத் தூக்கிய அத்தனை கைகளும் மறுநாளே கடப்பாரையைப் பிடித்திருக்கின்றன.

கடைசியாகத் தலைவரின் மனைவி தொண்டையைக் கனைத்தாள்.

"நம்ம வீட்டுலயும் துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி சின்னதா ஒரு வழி..."

"உட்காரு" என்றார் தலைவர்.

உட்கார்ந்தாள்.

*

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆக, இந்தத் தெருவுக்குள் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். ஊரில் உள்ள அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள். செகரெட்டரியைக் கைது செய்ய முகாந்திரம் இல்லை. விலங்கைப் பையில் போடும்படி கான்ஸ்டபிளிடம் சைகை காட்டினார்.

செகரெட்டரி நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்ததில், தையல்காரி விஷயம் வீட்டில் பேசப்படாது என்கிற ஒப்பந்தமும் சேர்ந்திருந்தது.

"எப்படி மேடம் எழுதுவீங்க?" என்றார் தலைவர்.

"என்ன எழுதறது? இந்த கேட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல. வெளியாள் யாரோ உள்ளே புகுந்து கொன்னுட்டுப் போயிட்டான். அமைச்சர் ஆபீசுக்கும் அதைச் சொல்லிடறேன். வந்து ஏமாந்து போக வேண்டாம் பாருங்க."

"வெளியாள் யாரும் வரல."

"சார், இப்பத்தானே எல்லாரும்..."

"வரல!" தலைவர் எழுந்தார். ஆறடியும் எழுந்தது. "ஓட்டை இருக்கலாம். ஏணி இருக்கலாம். இவனுங்க காலிங் பெல்லே வெச்சிருக்கலாம். ஆனா நேத்து டாக்டரைக் கொல்றதுக்கு வெளியே இருந்து ஒருத்தன்கூட வரல."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"நான்தான் கொன்னேன்."

ஒரு நாற்காலி தானாக மடங்கி விழுந்தது.

தலைவர் வரவேற்புரை படிக்கிற அதே குரலில் சொன்னார். நேற்று சாயங்காலம் டாக்டர் அவரைப் பின் கேட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அப்போது தலைவர் ஷெட்டில் உட்கார்ந்து, விழாவுக்காக மணியை மெருகேற்றிக்கொண்டிருந்தார். மணியும் கையுமாகவே போனார்.

"பல்லு நோண்டற கம்பி ஒண்ணு வெச்சிருந்தான் மேடம். நுனி வளைஞ்சிருக்குமே, அது. அதை என் பூட்டுக்குள்ள விட்டான். ரெண்டு சுத்து சுத்தினான். பூட்டு அவன் கையோட வந்துடுச்சு. வெளிநாட்டுப் பூட்டு. நானே தேடித்தேடி வாங்கினது. நாளைக்கு அமைச்சர் முன்னாடி இதைச் செஞ்சு காட்டப் போறேன்னு சொல்லிச் சிரிச்சான். கிளினிக்குக்குப் போற வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே போனான். நான் பின்னாலேயே போனேன்."

"அப்புறம்?"

"கம்பியைக் கழுவி வைக்கத் திரும்பினான். அடக்கிட்டேன்."

தங்கை முன்னால் வந்தாள். "மணி இவரோடதுன்னு தெரியும்தானே அண்ணா? எங்க வீட்டுக்காரரை மாட்டிவிடணும்னே..."

"சேச்சே. அப்படி நினைக்கவே இல்ல பாப்பா. கீழே போட்டுட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான், அது மாப்பிள்ளை பொறுப்புல இருக்கிற மணின்னு ஞாபகம் வந்தது."

"ஞாபகம் வந்ததும்?"

"வசதியா இருந்தது."

இன்ஸ்பெக்டர் வாழ்க்கையில் முதல்தடவையாக எதையோ புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி தலைவரைப் பார்த்தார்.

"எனக்கு உங்க மேல துளி சந்தேகம்கூட வரல சார். நான் வீட்டுக்குப் போகக் கிளம்பிட்டேன். வெளியாள்னு நான் எழுதியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களே."

"நான் தப்பிச்சு என்ன மேடம் பண்றது? கேட் பேரு கெட்டுப் போயிருக்குமே."

செகரெட்டரிக்கு மச்சான் மேல் கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தது. ஆனால் அதோடு கூடவே, எங்கிருந்தோ ஒரு மரியாதையும் வந்து தொலைத்தது.

அப்போது செக்யூரிட்டிக்காரர் கையைத் தூக்கினார்.

"சார், அந்தப் பின் கேட் பூட்டு..."

"என்ன?"

"அது பூட்டாது சார். வாங்கி மாட்டின அன்னிக்கே உள்ளே ஸ்பிரிங் மாட்டிக்கிச்சு. அழுத்தி வெச்சா பூட்டின மாதிரி தெரியும். இழுத்தா வந்துடும். கம்பியெல்லாம் வேண்டியதே இல்ல."

தலைவர் வாய் திறந்தது.

"அப்ப... டாக்டர் திறக்கலையா?"

"திறந்திருக்கிறதை எப்படி சார் திறக்கிறது? தீர்மானம் போட்டதால யாரும் சாவி போட்டுப் பார்க்கல. அதனால யாருக்கும் தெரியல."

"ஏண்டா அப்பவே சொல்லல?"

"கூட்டத்துல சொல்லத்தான் சார் வாயைத் திறந்தேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க. செகரெட்டரி சார் மணி அடிச்சுட்டார்."

*

விலங்கு ஒருவழியாக ஒரு கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தலைவர் தாமாகவே ஜீப்பில் ஏறினார். சட்டை கலையாமல் உட்கார்ந்துகொண்டு, வாக்குமூலத்தில் ஒரு வரி கட்டாயம் வர வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டார். வெளியாள் யாரும் வரவில்லை என்ற வரி. வரும் என்றார் இன்ஸ்பெக்டர்.

முன் கேட்டில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. அமைச்சருக்கு முன்னால் அதை அறுத்துக்கொண்டு போக போலீசுக்கும் தைரியம் இல்லை. ஜீப் திரும்பிப் பின் கேட்டுக்குப் போனது. செக்யூரிட்டிக்காரர் பூட்டை இழுத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சல்யூட் அடித்தார்.

செகரெட்டரி தற்காலிகத் தலைவரானார். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, மாண்புமிகு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி, தெருக்காரர்கள் புடைசூழ ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்றார். வெயில் சாய்ந்தது. தெருவிளக்கு போட்டார்கள். மாலையில் பூ உதிர ஆரம்பித்தது.

அமைச்சர் வரவில்லை.